வெட்ட வெட்டத் துளிர்க்கும் அரைக்கீரை

"பிள்ளை பெத்தவளுக்கு ரத்தம் போதாது, கீரை கொடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் வடசேரி சந்தைக்கு ஓட முடியுமா? கிணற்றடியிலேயே அரைக்கீரை போடுங்கள். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. நம்ம ஊரில் மழைக்காலம் இரண்டாச்சே! தண்ணீர் தேங்கி வேர் அழுகாமல் பாத்தியை மேடாக்குங்கள். 25 நாளில் முதல் அறுப்பு. வேரோடு பிடுங்கிவிடாதீர்கள்! அடியில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் கணுவில் துளிர்த்து, வாரம் பத்து நாளில் மறுபடி அறுக்கலாம். தேங்காய் போட்டுத் துவரன் வைத்து, கூடவே ஒரு நெல்லிக்காய் கொடுங்கள். இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ வேண்டாம். கீரை இருக்கிறதே என்று டாக்டர் தந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சகோதரிகளே!