படியின் அடிவரை விட்டால் போதும்

தொல்பொருளியல் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,



திருக்கோவிலிலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். சில ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன். உங்கள் திணைக்களத்தின் அறிவிப்புப் பலகைகளை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியே என் தொழிற்காலத்தில் பாதி போனது. இப்போது அந்தப் பலகை நிற்கிற இடம் வரைக்கும் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு.

சிகிரியாவின் உச்சியில் என்னை ஏற்றிவிடுங்கள் என்று கேட்க வரவில்லை. ஏறக்குறைய 1,200 படிகள். அவை ஏறக்கூடியவர்களுக்கானவை, ஏறட்டும். நடக்க முடியாதவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “மலைக்கு எப்படி ஐயா மின்தூக்கி வைக்கிறது?” என்று உச்சியைக் காட்டிவிடுகிறார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் கரையோரத்தில் எங்களை மறிப்பது மணல்.

பொத்துவில் எங்களுக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தெற்கே இருக்கிறது. அங்கே கடலோரமாக மணல்மேடுகள் எழும்பி நிற்கும். அம்பாறை மாவட்டத்தில் பாலைவனத்துக்கு மிகக் கிட்டிய நிலம் அதுதான். அந்த மணலுக்குள்தான் முகுது மகா விகாரையின் இடிபாடுகள். களனி மன்னன் கடலில் விட்ட மகள் விகாரமகாதேவி கரையொதுங்கிய இடம் என்று மரபு சொல்கிறது. கிரிந்தையும் அதே கதைக்கு உரிமை கோருகிறது. அந்த வழக்கு எனக்கு வேண்டாம். விகாரைக் காணியின் எல்லைகள் பற்றி இங்கே நடக்கிற இழுபறியும் இந்த மடலுக்குரியதல்ல. ஆனால் ஒன்று சொல்லலாம். பழைய இடம் யாருக்குச் சொந்தம் என்று மல்லுக்கட்ட ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். அதை யார் யாரால் போய்ப் பார்க்க முடிகிறது என்று கேட்கத்தான் ஆளில்லை.

சக்கர நாற்காலியில் இருந்து பார்க்காதவர்களுக்கு ஒரு விவரம். மணலில் இறங்கியதும் முன்பக்கத்துச் சின்னச் சக்கரங்கள் இரண்டும் குத்திக்கொண்டு புதையும். பின்னால் நின்று தள்ளத் தள்ள, இருப்பவர் முன்பக்கம் சரிவார். அதனால் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இழுக்க வேண்டும். அப்படி இழுபடுகிறவர் வந்த வழியைப் பார்த்தபடிதான் போகிறார். பார்க்க வந்தது முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஊன்றுகோல்காரருக்கும் மணலில் வழியில்லை, றப்பர் நுனி இறங்கிக்கொண்டே போகும்.

பொத்துவிலில் ஓட்டோ ஓட்டும் நானா ஒருவர், “யோசிக்காதீங்க சேர், நாலு பேர் புடிச்சாத் தூக்கிரலாம்” என்றார். சொன்னபடி தூக்கவும் செய்தார். கிழக்கில் இந்த மனசுக்குக் குறைவில்லை. ஆடி அமாவாசைக்கு எங்கள் சித்திரவேலாயுத சுவாமி ஆலயக் கடலில் தீர்த்தமாட, நடக்க இயலாத முதியவர்களைப் பேரப்பிள்ளைகள் தூக்கிவருவார்கள். ஆனால் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து வருகிற பெண்ணை நாலு ஆண்கள் தூக்க அவர் சம்மதிப்பாரா? தம்பிலுவிலிலிருந்து போகிறவரும் சம்மதிக்கமாட்டார். வானுக்குள்ளேயே இருந்துவிடுவார். பிள்ளைகள் கைப்பேசியில் படமெடுத்து வந்து காட்டுவார்கள். நாலு பேரின் நல்ல மனசை நம்பி ஒரு திணைக்களம் இருக்கலாமா?

இனி, இலாகுகலைப் பக்கம் உள்ள மகுல் மகா விகாரைக்கு வாருங்கள். காவன்திஸ்ஸ மன்னனுக்கும் விகாரமகாதேவிக்கும் மணம் நடந்த இடம் என்பது மரபு. மன்னன் தாதுசேனன் கட்டுவித்ததாக அங்குள்ள பிற்காலக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே விலங்குகள் செதுக்கிய அரைவட்டக் கல், ஒரு சந்திரவட்டக்கல், இருக்கிறது. அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கற்களில் யானைகள் தனியே நடக்கும். இதில் யானைகளின் மேல் பாகர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வாங்குப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அந்தக் கல் எங்கே கிடக்கிறது? படியின் அடியில். பழைய கட்டடக்காரர்கள் சந்திரவட்டக்கல்லையும் காவற்கல்லையும் வாசற்படியின் அடியிலேதான் வைத்தார்கள். மேலேயிருந்த மரமும் கூரையும் எப்போதோ போய்விட்டன. மிஞ்சியவற்றில் மிகச் சிறந்த சிற்பம் தரைமட்டத்தில் இருக்கிறது. நாற்காலியில் இருப்பவரின் கண், நிற்பவரின் கண்ணைவிட அதற்குக் கிட்ட. பொலன்னறுவைக் கல்விகாரையில் 14 மீற்றர் நீளச் சயனப் புத்தரையும் எல்லோரும் கீழே நின்றுதானே பார்க்கிறார்கள்? வாகனம் நிற்கிற இடத்திலிருந்து படியின் அடிவரை. இவ்வளவுதான் கேட்கிறோம்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது, 28ஆம் இலக்கம். அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. காரின் மேல் மரம் விழுந்து நடக்க முடியாமற்போன முன்னாள் கிரிக்கெட் நடுவர் அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போய், 2009இல் அந்த விதிகளை மீறிப் பொதுக் கட்டடம் கட்டக்கூடாது என்ற கட்டளையைப் பெற்றார். 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, தேசிய முக்கியத்துவமுள்ள பண்பாட்டுச் சின்னங்களையும் இயன்றவரை நாங்கள் அணுக வழி இருக்க வேண்டும் என்கிறது. “இயன்றவரை” என்ற சொல்லுக்குள் எவ்வளவு சோம்பலையும் ஒளித்துவைக்கலாம் என்பதும் தெரியும். 2012 குடிசன மதிப்பீட்டில் பார்வை, கேள்வி, நடை போன்ற ஏதோவொன்றில் சிரமம் உள்ளவர்களாக 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவானார்கள். போரும் சுனாமியும் கடந்துபோன அம்பாறைக்கு அந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாதை என்றதும் கொங்கிறீட் கலவை இயந்திரம் வந்து நிற்குமோ என்ற பயம் எனக்கும் உண்டு. ஏதென்ஸ் அக்ரோபோலிசில் 2020இல் புதிய மின்தூக்கி வைத்தார்கள்; நல்லது. கூடவே பாறைமேல் போட்ட கொங்கிறீட் நடைபாதைக்குத் தொல்லியலாளர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. மசாடா பாலைவனக் கோட்டைக்கு 1971 முதல் கம்பிவட ஊர்தி ஓடுகிறது. அவ்வளவு பணமும் நமக்கில்லை, தேவையுமில்லை. சென்னை மெரினாவைப் பாருங்கள். 2022 நவம்பரில், மணலின் மேல் 263 மீற்றர் நீளத்துக்கு மரப்பாதை போட்டு, சக்கர நாற்காலிகளைக் கடலின் கிட்டவரை கொண்டுபோனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்தது, திருத்திக்கொண்டார்கள். எங்கள் கரையிலும் வாடைக்காலக் கடல் சும்மா இராது. ஆகவே மாரிக்கு முன் கழற்றி எடுத்துவைக்கக்கூடிய பாதையே இங்கே பொருந்தும். மரச்சட்டங்களுக்கு மேல் தென்னந்தும்புப் பாய் விரித்துப் பரீட்சித்துப் பாருங்கள். நிலத்தைத் தோண்ட வேண்டாம். புதைந்திருக்கும் எதற்கும் சேதமில்லை. தும்புக்கு இந்த நாட்டில் பஞ்சமா?

இன்னும் இரண்டு உண்டு, பணம் வேண்டாதவை. ஒவ்வோர் இடத்திலும் எத்தனை படி, எவ்வளவு தூரம் மணல், கழிப்பறைக் கதவின் அகலம் என்ன என்பதை மூன்று மொழியிலும் அறிவித்துவிடுங்கள். போவதா விடுவதா என்று வீட்டிலிருந்தே தீர்மானிப்போம். மற்றது செருப்பு. புனித இடத்தில் வெறுங்காலோடு நடப்பதை நானும் மதிக்கிறேன். ஆனால் செயற்கைக் கால் போட்டவரிடம் சப்பாத்தைக் கழற்றச் சொன்னால், அவர் காலையும் சேர்த்தல்லவா கழற்ற வேண்டிவரும்? காவலில் நிற்கும் பையனுக்கு இதை ஒரு சுற்றறிக்கை சொல்லிக் கொடுத்துவிடும்.

முகுது மகா விகாரையில் தொடங்குங்கள். அளக்க வருகிறவர்கள் நாடாவோடு மட்டும் வராமல், ஒரு சக்கர நாற்காலியும் கொண்டுவந்து, உங்கள் பொறியியலாளர் ஒருவரை அதில் இருத்தி இடிபாடு வரை போய்வரச் சொல்லுங்கள். நாற்காலி கிடைக்காவிட்டால் என்னுடையதைத் தருகிறேன். காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. பிறகு தள்ளுகிறவர்களின் கால் சுடும்.

இங்ஙனம்,
திருக்கோவில் வாசி ஒருவன்