உதரவிதானத்தை அளக்கும் ஒலியும் உணர்த்தாத ஏவலும்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் உதரவிதானத்தின் ஆற்றலை அல்ட்ராசவுண்டால் மதிப்பிடும் முறை பரவிவருகிறது. கதிர்வீச்சு இல்லை, படுக்கையருகிலேயே செய்யலாம், ஸ்பைரோமெட்ரியைப் போல முழு வலுவோடு ஊத வேண்டியதில்லை. ஆகவே நோயாளியின் ஒத்துழைப்பை அதிகம் சாராத முறை என்று இது போற்றப்படுகிறது. அது பாதி உண்மையே. மறுபாதி மொழியைச் சார்ந்தது. சித்தூர், திருப்பதி போன்ற இருமொழி நிலத்தில் அதைப் புறக்கணிக்க இயலாது.

உதரம் என்றால் வயிறு. விதானம் என்றால் மேற்கட்டி. வயிற்றின்மேல் கவிந்த இத்தசைக்கு இதனினும் பொருத்தமான பெயர் அரிது. இந்நோயில் காற்று முழுதும் வெளியேறாமல் தேங்குவதால் நுரையீரல் உப்புகிறது. கவிந்த விதானம் தட்டையாகிறது. தட்டையான தசைக்கு மேலும் இறங்க இடமில்லை. அல்ட்ராசவுண்ட் இரண்டை அளக்கிறது: தசை எவ்வளவு இறங்குகிறது என்பதும், மூச்சை உள்ளிழுக்கையில் எத்தனை விழுக்காடு தடிக்கிறது என்பதும். தடிப்பு 20 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பின் தசை தளர்ந்துள்ளது என்பது பரவலாகக் கையாளப்படும் வரம்பு.

அமைதியான சுவாசத்தில் அளக்க ஏவல் தேவையில்லை. ஆழ்ந்த சுவாசத்தில் அளக்கும்போதோ 'இழுங்கள்', 'விடுங்கள்' என்று சொல்லியாக வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தெலுங்கில் 'ஊபிரி வதலண்டி' என்பது மூச்சை வெளிவிடுவதையே குறிக்கும். தமிழில் 'மூச்சு விடுங்க' என்பதற்கு வெளிவிடுதலும் பொருள், சுவாசித்தலும் பொருள். 'மூச்சு விட முடியவில்லை' என்பவர் வெளிமூச்சை மட்டும் சொல்லவில்லை அல்லவா? 'இழுப்பு' என்பதோ நோய்க்கே மக்கள் வழங்கும் பெயர்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் காணலாம். முழுதும் வெளிவிட்ட நிலையில் தசையின் தடிமன் 2.0 மி.மீ., உள்ளிழுத்தபின் 2.6 மி.மீ. எனில் தடிப்பு 30 விழுக்காடு. நோயாளி பாதியளவே வெளிவிட்டு, முதல் அளவு 2.2 மி.மீ. எனப் பதிவானால் அது 18 விழுக்காடாகிவிடும். தசை மாறவில்லை, சொல் விளங்கவில்லை. ஆயினும் அறிக்கை 'தளர்ச்சி' என்று எழுதும்.

தேர்ந்த மருத்துவர் திரையைப் பார்த்தே பிழையை உணர்ந்துவிடுவார் என்று மறுப்போர் உண்டு. ஆனால் இந்நோயாளிகளுக்கு மூச்சு வெளியேறுவதே மெதுவாகத்தான். வெளியேற்றம் முடிந்ததா, நோயாளி இடையில் நிறுத்திக்கொண்டாரா என்பதைத் திரை எப்போதும் தெளிவாகக் காட்டிவிடாது.

1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. எல்லைகள் மாறின, நகரி, சத்தியவேடு வட்டாரங்களில் தமிழ் இன்றும் வீட்டுமொழி. விறகடுப்புப் புகையில் ஆயுளைக் கழித்த மூதாட்டி திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கோ, வேலூர் சிஎம்சியின் சித்தூர் வளாகத்துக்கோ செல்லும்போது அவருடைய மொழியும் உடன் செல்கிறது.

தீர்வு செலவற்றது. இரு மொழியிலும் ஏவல் தொடரை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும்: 'காற்றை உள்ளே வாங்குங்க', 'முழுசா வெளியே விடுங்க'. அளப்பதற்குமுன் ஒருமுறை செய்துகாட்ட வேண்டும். எம்மொழியில் ஏவல் தரப்பட்டது என்பதை அறிக்கையிலும் ஆய்வேட்டிலும் பதிய வேண்டும். ஒலியலையின் அதிர்வெண்ணைக் குறிக்கும் ஆய்வு, நோயாளியின் காதில் விழுந்த சொல்லைக் குறிக்காமல் விடுவது முறையன்று.