பூனை முடியும் பிள்ளையின் தலையும்

பிள்ளையின் தலையில் காசளவு வட்டமாக முடி உதிர்ந்தால், “லயத்து அழுக்கு” என்று தாயைப் பழிப்போர் இன்னும் இருக்கிறார்கள். இது அநியாயம்! காரணம் அழுக்கன்று, மைக்ரோஸ்போரம் கானிஸ் என்னும் காளான். பூனை, நாய் முடியில் தொற்றுவது. பார்வைக்கு ஒரு குறையுமில்லாத பூனையும் அதைச் சுமந்து திரியும். உதிர்ந்த முடியில் அதன் வித்து ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பாய், தலையணை, சீப்பு எதிலும் ஒட்டும். துரை பங்களா நாற்காலியில் உறங்கும் பூனை மட்டும் விலக்கா?

என் மகளுக்கு வந்தபோது மூன்று தடவையும் களிம்புதான் கொடுத்தார்கள். முடிக்குள் புகுந்த காளானைக் களிம்பு எட்டாது. ஸ்டீராய்டு கலந்த களிம்போ அரிப்பை அடக்கி, காளானை வளர்த்துவிடும். 1958-லேயே மனிதருக்குப் பலித்த கிரிசியோஃபுல்வின் மாத்திரையைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில்தான் கண்டேன். அதை வாரக்கணக்கில் விழுங்க வேண்டும்.

கிராணி எனக்கு விடுப்பு உண்டு. பால் வெட்டும் தாய் பட்டணம் போனால் அன்றைய கூலி போச்சு. ஆகவே மாத்திரை தோட்டத்து மருந்தகத்திலேயே கிடைக்க வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன்.

பூனையை அடித்து விரட்டச் சொன்னார்கள். விரட்டவில்லை, கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். இப்போதும் எங்கள் திண்ணையில்தான் படுத்திருக்கிறது.