புது கோச் என்ன, மந்திரவாதியா?

மிஷிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் டீமுக்கு 2025 டிசம்பர்ல கைல் விட்டிங்காம் புது ஹெட் கோச்சா வந்தாரு. (காலால உதைக்கிற ஃபுட்பால் இல்ல மக்கா, கையில தூக்கிட்டு ஓடுற அமெரிக்க ஃபுட்பால்.) உட்டாவுல 21 சீசன் ஓட்டின மனுஷன். 2008ல 13க்கு 13 ஜெயிச்சு, கடைசி மேட்ச்ல அலபாமாவையே கவுத்த டீம் அவரோடதுதான்.

வந்தவுடனே ரசிகக் கண்மணிகள் ரெண்டு கட்சியா பிரிஞ்சிட்டாங்க. "முதல் வருஷமே கப்பு நமக்குத்தான்"னு ஒரு கட்சி. "66 வயசுல இவரு என்னத்த கிழிப்பாரு"ன்னு இன்னொண்ணு. ரெண்டு பேருமே 2026 சீசனை மட்டும் பாத்து தீர்ப்பு எழுத பேனாவோட ரெடி. எனக்கு எரிச்சலே இங்கதான்.

இதே மிஷிகன் கதையை எடுத்துக்குங்க. 2008ல ரிச் ராட்ரிகஸ் வந்தாரு. பழைய கோச் வேற ஆட்டத்துக்காகப் பொறுக்கின பசங்களை வச்சுக்கிட்டு, இவரு தன்னோட ஸ்ப்ரெட் ஆட்டத்தை ஆட வேண்டியதாப் போச்சு. முக்கியமான குவாட்டர்பேக் ரயன் மேலட் வேற டீமை விட்டே போயிட்டாரு. விளைவு, 3 வெற்றி, 9 தோல்வி. அடுத்த வருஷம் 5, அதுக்கடுத்து 7ன்னு ஜெயிச்சாங்க. ஏறிக்கிட்டு இருக்கும்போதே 2011 ஜனவரில ஆளைத் தூக்கிட்டாங்க. அவரோட டிஃபென்ஸ் படு மோசம்தான், இல்லேங்கல.

அடுத்து வந்தவர் பிரேடி ஹோக். முதல் வருஷமே 11 வெற்றி, 2 தோல்வி! ஊரே தலைல தூக்கி வச்சு ஆடிச்சு. ஆடினது யாரு? பெரும்பாலும் ராட்ரிகஸ் சேர்த்துட்டுப் போன பசங்க. அப்புறம் 8, 7, 5னு வருஷா வருஷம் வெற்றி குறைஞ்சு, 2014ல ஹோக்குக்கும் ஆப்பு.

ஆக, முதல் வருஷ மார்க் ஷீட்ல பாதி பழைய கோச்சோடது. பாட்டியோட சமையலை மருமக பரிமாறினா, பாராட்டு மருமகளுக்கா?

"இண்டியானாவைப் பாரு"ன்னு உடனே கிளம்பி வருவீங்க, தெரியும். 2023ல 3 மேட்ச் மட்டும் ஜெயிச்ச டீம். கர்ட் சிக்னெட்டி வந்த முதல் வருஷமே 11 வெற்றி. 2025 சீசன்ல 16க்கு 16, தேசிய சாம்பியன். உண்மைதான், சலாம் போடறேன். ஆனா அவரு தனி ஆளா வரலை. பழைய காலேஜ்லேர்ந்து பத்துப் பேருக்கு மேல ஆட்டக்காரங்களையும் உதவி கோச்சுகளையும் கூடவே கூட்டிட்டு வந்தாரு. இப்பல்லாம் ஒரு வருஷம் உக்காராமலே காலேஜ் மாறலாம்ங்கறதால அது முடிஞ்சுது. ஜெயிச்சது ஒரு மந்திரவாதி இல்லீங்க, ஏற்கெனவே பழகின ஒரு கூட்டம்.

வெறும் பேரு மட்டும் ஜெயிக்கும்னா, ஆறு சூப்பர் பவுல் ஜெயிச்ச பில் பெலிசெக் 2025ல நார்த் கரோலினாவுல வெறும் 4 மேட்ச் ஜெயிச்சிருப்பாரா?

மிஷிகனே ஒரு தடவை பொறுமையா இருந்து பாத்துச்சு. 2020ல ஜிம் ஹார்பா 2 வெற்றி, 4 தோல்வி. "தூக்கு, தூக்கு"ன்னு ஒரே கூச்சல். காலேஜ் சம்பளத்தைக் குறைச்சுதே தவிர ஆளைத் தூக்கலை. 2023ல 15க்கு 15, சாம்பியன். அன்னைக்கு கூச்சல் போட்டவங்கள்ல எத்தனை பேரு வாபஸ் வாங்கினாங்க?

விட்டிங்காமுக்கு வயசாச்சு, அது நிஜம். அதுக்காக கணக்கு மாறிடாது. முதல் வருஷம் 10 ஜெயிச்சாலும் துள்ளாதீங்க, 6 ஜெயிச்சாலும் கல்லெறியாதீங்க. மூணாவது வருஷம், அவரு கையால எடுத்த பசங்க களத்துல நிக்கும்போது பேசுங்க. மிஷிகன் ஸ்டேடியத்துல லட்சம் பேருக்கு மேல உக்காருவாங்க. அத்தனை பேரும் ஊளையிடறப்போ கீழ நிக்கிறது 19 வயசுப் பசங்க, அதையும் கொஞ்சம் யோசிங்க.

டிஸ்கி: ஒஹாயோ ஸ்டேட் ரசிகர்கள் ரொம்ப சிரிக்க வேணாம். 2024 நவம்பர்ல எங்ககிட்ட தோத்ததும் ரயன் டேயைத் தூக்கச் சொன்னீங்க. 2025 ஜனவரில அவருதான் உங்களுக்கு கப்பு வாங்கிக் குடுத்தாரு :-)