மாரிப் படத்துக்குத் திகதி போடுவோம்

மாரி வந்தா கெமராவைப் பூட்டி வைக்கணும் என்று யார் சொன்னது? எங்களுக்கு நல்ல படங்கள் கிடைக்கிறதே டிசம்பரிலும் ஜனவரியிலும்தான். மழை விட்ட காலையில் மாவடிப்பள்ளிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வேளாண்மைப் பச்சை, வரம்போரம் கொக்குகள். சாய்ந்தமருதுக் கரையில் இழுத்துப் போட்ட தோணிகள், பின்னால் கறுத்த கடல்.

இந்த மாரியில் எடுத்ததில் எங்களுக்கு ஆகப் பிடித்த படத்துக்குத்தான் லைக் குறைவு. ஒலுவில் கரையில் வேர் வெளியே தெரியச் சரிந்து கிடக்கும் ஒரு தென்னை. 2013இல் அங்கே துறைமுகம் திறந்தார்கள். அதன் கல்லணைகள் வடக்கே நகர்கிற மணலை மறிக்க, அந்தப் பக்கக் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. தென்னந்தோட்டங்கள் போயின. நிந்தவூர்க் கரையும் அரிபடுகிறது.

முந்தி இந்தக் கரை எப்படி இருந்தது என்று காட்ட எங்களிடம் என்ன இருக்கு? வீட்டு அல்பங்களில் இருந்திருக்கலாம். அதில் எத்தனையோ 2004 டிசம்பர் 26இல் சுனாமியோடு போய்விட்டன.

அதனால் கெமரா தூக்குகிற கூட்டாளிமாருக்கு ஒன்று சொல்கிறோம். ஃபில்டர் போடுங்க, வேணாம் என்கல்ல. ஆனால் படத்தோடு இடமும் திகதியும் எழுதுங்க. அடுத்த மாரியிலும் அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்க. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கரை போகல்ல என்று யாருக்கும் சொல்ல ஏலாது.