பட்டாம்பூச்சி, பாகம் இரண்டு

அருவி பார்க்கலாம், அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கலாம், வாசலூர்பட்டி ஏரியில் படகு விடலாம் என்றெல்லாம் ஆசை காட்டித்தான் மைத்துனர் எங்களைக் கொல்லிமலைக்குக் கூப்பிட்டார். காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் வேறு போட்டு வைத்திருக்கிறார்கள். நாற்பதாவது நம்பரில் என் சகதர்மிணி கண்ணை மூடிக்கொண்டு, "எழுபது வந்ததும் எழுப்புங்க" என்றாள். வாசலூர்பட்டியில் இறங்கினோம். மழையும் கூடவே இறங்கியது. மூன்று நாளைக்கு விடவில்லை. படகுகளெல்லாம் கரையில் கட்டிப்போட்ட எருமைகள் மாதிரி நனைந்துகொண்டிருந்தன.

பாக்கி இருந்தது அவித்த மரவள்ளிக்கிழங்கும் சினிமாவும்தான்.

மைத்துனர் மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். லேப்டாப்பை டி.வி.யில் சொருகி, "மாமா, காலத்துல பின்னாடி போற கதை. முதல் பாகம் இன்னிக்கு, ரெண்டாம் பாகம் நாளைக்கு" என்று ப்ரோக்ராம் அறிவித்தான். சபையில் ஐந்து பேர். ஐந்தாமவர், மைத்துனரின் மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். வாசலோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பையன் ஓடஓடத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

படம், 'தி பட்டர்ஃபிளை எஃபெக்ட்'. 2004-ல் வந்தது. எரிக் ப்ரெஸ், மெக்கீ க்ரூபர் என்று இரண்டு பேர் சேர்ந்து எழுதி, சேர்ந்தே டைரக்ட் செய்தது. பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். 1961-ல் எட்வர்ட் லோரன்ஸ் என்கிற வானிலை விஞ்ஞானி, கம்ப்யூட்டரில் 0.506127 என்று போடவேண்டிய இடத்தில் சோம்பல்பட்டு 0.506 என்று போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் முற்றிலும் வேறு வானிலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தக்கனூண்டு வித்தியாசம் போகப்போக எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும் என்று புரிந்தது. 1972-ல் அவர் பேசிய ஒரு பேச்சுக்கு, பிரேஸிலில் பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்ஸாஸில் சூறாவளி வருமா என்று தலைப்பு. அதற்கும் முன்னாலேயே, 1952-ல் ரே பிராட்பரி ஒரு சிறுகதையில், டைனோசர் காலத்துக்குப் போன ஆசாமி ஒரு பட்டாம்பூச்சியை மிதித்துவிட்டு வந்து பார்த்தால் ஊரில் எலெக்‌ஷன் ரிசல்ட்டே மாறியிருக்கும் என்று எழுதிவிட்டார். (நம்மூரில் இதற்குப் பட்டாம்பூச்சியெல்லாம் வேண்டியதில்லை.)

கதைக்கு வருவோம். இவான் என்று ஒரு பையன். சின்ன வயதில் அவனுக்கு அவ்வப்போது நினைவு தப்பிவிடும். விழிக்கும்போது நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. டாக்டர் சொன்னபடி தினமும் டைரி எழுதுகிறான். பெரியவனான பிறகு அந்த டைரியைப் படித்தால், நினைவு தப்பிய அந்தந்த நிமிஷத்துக்குள்ளேயே போய் விழுகிறான். போய்ச் சேர்ந்து, நடந்ததை மாற்றவும் முடிகிறது.

இத்தோடு நின்றிருந்தால் அது வித்தை. கதையாவது வேறோர் இடத்தில். சின்ன வயதுத் தோழி கெய்லியை அவன் பல வருஷம் கழித்துத் தேடிப் போகிறான். அவளுடைய அப்பனே அவளுக்குச் செய்த ஓர் அக்கிரமத்தைப் பற்றி, தன் சந்தேகம் தீர்வதற்காக, துருவித் துருவிக் கேட்கிறான். அன்று ராத்திரி அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். என்ன செய்துவிட்டான் பாவி? ஒரு கேள்வி கேட்டான், அவ்வளவுதான். அதற்குப் பரிகாரம் தேடித்தான் டைரியைக் கையில் எடுக்கிறான்.

எடுத்தவன் சும்மா இருக்கவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோணுகிறது. ஒரு தடவை ஜெயில். ஒரு தடவை அவள் தெருவுக்கு வந்துவிடுகிறாள். இன்னொரு தடவை எல்லாரும் சௌக்கியம், இவனுக்கு மட்டும் இரண்டு கையும் இல்லை. அந்தத் துக்கத்தில் அவன் அம்மா சிகரெட் பிடிக்க ஆரம்பித்து நுரையீரலில் புற்றுநோய். கடைசியில், அவளை முதன்முதலாகச் சந்தித்த நாளுக்கே போய், அந்தச் சின்னப் பெண்ணின் காதில் உன்னைக் கண்டாலே பிடிக்கவில்லை என்கிற மாதிரி கொடூரமாக ஏதோ சொல்லிவிட்டு வருகிறான். அவள் அழுதுகொண்டே அவன் வாழ்க்கையிலிருந்தே விலகிப் போகிறாள். அதனால் பிழைக்கிறாள். பல வருஷம் கழித்து நியூயார்க் தெருவில் இருவரும் எதிரெதிரே நடந்து, தாண்டிப் போய்விடுகிறார்கள். அவ்வளவுதான் படம். (டைரக்டர்கள் விரும்பிய முடிவு இன்னும் பயங்கரம். அதில் அவன் தாயின் கர்ப்பத்துக்கே போய்விடுகிறான். மேலே சொல்ல மாட்டேன், சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொண்டிருப்பீர்கள்.)

சகதர்மிணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மருமகன் மட்டும் விடவில்லை. ஜெயிலில் இவான் தன்னை நம்பவைக்க, பின்னாடி போய்க் கையில் காயம் பண்ணிக்கொண்டு வருகிறான். பக்கத்துக் கைதியின் கண் முன்னாலேயே தழும்பு முளைக்கிறது. "அது எப்படி மாமா? சின்ன வயசுல பட்ட காயம்னா தழும்பு முதல்லேர்ந்தே இருந்திருக்கணுமே? லாஜிக்கே இல்லையே?" வாஸ்தவம். அமெரிக்க விமர்சகர்களும் இந்தப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியவர்கள்தான். ஜனங்கள் கேட்டால்தானே? சுமார் 13 மில்லியன் டாலரில் எடுத்த படத்துக்கு உலகம் பூராவிலிருந்தும் 90 மில்லியனுக்கு மேல் கொட்டிக்கொடுத்தார்கள்.

பெரியவர் எழுந்து துண்டை உதறினார். "நோட்டைப் படிச்சாப் போயிடறானுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவன் என்னங்க பண்ணுவான்?"

யாரும் பதில் சொல்லவில்லை. கரண்ட் போய்விட்டது.

மறுநாள் ராத்திரி பாகம் இரண்டு. 2006. முதல் படத்தை எழுதி இயக்கிய இருவரும் இயக்கவில்லை. ஜான் லியோனெட்டி என்கிற ஒளிப்பதிவாளர் டைரக்ட் செய்தார். ஹீரோ வேறு, ஹீரோயின் வேறு, கதை வேறு. வித்தை மட்டும் அதே வித்தை. அமெரிக்காவில் தியேட்டர் வாசலை மிதிக்காமல் நேரே டி.வி.டி.க்குப் போன படம். கல்லாப்பெட்டி நிரம்பிய கடைப் பெயரை இன்னொருத்தர் எடுத்து போர்டு மாட்டிய கதைதான்.

நிக் என்று ஒருவன். காதலியின் பிறந்தநாளுக்கு நண்பர்களோடு வெளியூர் போகிறார்கள். திரும்பும் வழியில் கார் விபத்து. இவன் மட்டும் மிச்சம். ஒரு வருஷம் கழித்துப் பழைய போட்டோவை உற்றுப் பார்க்கிறான், பின்னாடி போகிறான், விபத்தைத் தடுக்கிறான். சரி, நல்ல ஆரம்பம்தான். அதற்கப்புறம் ஐயா என்ன செய்கிறார் என்று நினைக்கிறீர்கள்? ஆபீஸில் உத்தியோகம் சரியில்லை என்று மறுபடியும் போகிறார். வந்து பார்த்தால் வைஸ் பிரஸிடெண்ட்! காலத்தின் கதவைத் திறந்துகொண்டு ப்ரமோஷன் வாங்கப் போகிற ஹீரோ. அப்புறம் கம்பெனியில் பணத் தகராறு, துப்பாக்கி, அடியாள்.

"இவன் சம்பளத்துக்காகவா நான் கண்ணு முழிக்கணும்?" என்று சகதர்மிணி கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள். விமர்சனம் என்றால் இதுதான் விமர்சனம்.

நானும் என் பங்குக்கு ஒரு தியரி வைத்திருந்தேன். மருமகனிடம் அவிழ்த்துவிட்டேன். "டைரியில ஓட்டை இருக்கு, பாத்தியா? என்ன நடந்துதுன்னு அவனுக்கே தெரியாது. திரும்பிப் போறப்பதான் நமக்கும் தெரியுது. அந்த ஓட்டைதான் படம். போட்டோவுல ஓட்டை ஏது? எல்லாரும் பல்லைக் காட்டிட்டு நிக்கறாங்க. ஒளிஞ்சுக்க இடமே இல்லை. முதல் படத்துல நூறு லாஜிக் தப்பு இருந்தும் மன்னிச்சோம். இதுல தப்பும் கம்மி, மன்னிக்கவும் தோணலை."

பையன் அசரவில்லை. இதற்கு நம்ம 'இன்று நேற்று நாளை' தேவலை என்றான். ஒத்துக்கொண்டேன். 2015-ல் ரவிக்குமார் எடுத்தது. டைம் மெஷினை வைத்துக்கொண்டு, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று பிழைப்பு நடத்துவார்கள். போகிற போக்கில், செத்திருக்க வேண்டிய ஒரு ரவுடியை அறியாமல் பிழைக்க வைத்துவிடுவார்கள். அவர்களும் காசுக்குத்தான் போனார்கள், ஆனால் அந்த அல்பத்தனத்துக்குப் படம் அவர்களை வட்டியும் முதலுமாகக் கட்டவைக்கிறது.

இரண்டாம் பாகம் என்றாலே உருப்படாது என்று சொல்ல வரவில்லை. ஜேம்ஸ் கேமரூன் 1984-ல் கொல்ல வந்த டெர்மினேட்டரையே 1991-ல் காப்பாற்ற அனுப்பினார். முதல் படத்தையே அது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அதே ஆட்கள் இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 1996-ன் 'இந்தியன்' தாத்தாவை அதே ஷங்கரும் அதே கமலும்தான் 2024-ல் திரும்பக் கூட்டிவந்தார்கள். தாத்தா வந்தார், அவர் முதல் தடவை வந்ததற்கு இருந்த மாதிரி ஒரு காரணம்தான் கூட வரவில்லை. இந்தப் பட்டாம்பூச்சிக்கு 2009-ல் மூன்றாம் பாகமும் உண்டாம். "போடட்டுமா மாமா?" என்றான். கையெடுத்துக் கும்பிட்டேன்.

வாசலோரத்திலிருந்து பெரியவர், "எனக்கு இதுதானுங்க புடிச்சுது" என்றார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"நேத்து நோட்டுப் புஸ்தகம் வேணும்னாங்க. இன்னிக்குப் போட்டோ போதுங்கறாங்க. போட்டோ ஒண்ணு எங்கிட்டவும் இருக்குதுங்க."

மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து இன்னொரு கவரை எடுத்து, ஒரு படத்தை நீட்டினார். செம்மேட்டில் ஓரி விழாவில் எடுத்ததாம். கலர் வெளுத்துப்போயிருந்தது. சின்ன வயசுப் பெரியவர் விறைப்பாக நிற்கிறார். பக்கத்தில் அவர் சம்சாரம், தலை நிறையப் பூ. சரியாக க்ளிக் பண்ணுகிற நேரத்தில் அந்த அம்மா கண்ணை மூடிவிட்டிருக்கிறார்.

"போய்ச் சேந்து பன்னெண்டு வருஷமாச்சுங்க. அவளை எடுத்த படம் இது ஒண்ணுதான்."

"அப்ப நீங்க போனா என்ன மாத்துவீங்க தாத்தா?" என்றான் பையன்.

"மாத்தறதுக்கு என்ன கண்ணு இருக்குது. கண்ணைத் தொறடீன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவேன்."

அதனால் டெக்ஸாஸில் என்ன ஆகும் என்று மருமகன் சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தான். பெரியவர் படத்தை முதல் கவரில் போட்டு, அதை இரண்டாவது கவரில் போட்டு, மடியில் சொருகிக்கொண்டார். சகதர்மிணி டார்ச் லைட்டை எடுத்துக்கொடுத்தாள். வேண்டாம், வழி தெரியும் என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.