வேள்வித் தீயில் வெந்தவர் யார்?

ஆவடியிலே, 1955 ஜனவரியிலே, காங்கிரஸ் மாநாடு கூடிச் 'சோஷலிச பாணி சமுதாயம்' காண்போம் என்று தீர்மானம் தீட்டிற்று. 1991 ஜூலையிலே அதே கட்சியின் ஆட்சி, அந்நியச் செலாவணி வற்றிப் பொன்னை வெளிநாட்டில் அடகு வைத்த நெருக்கடியிலே, ரூபாயின் மதிப்பைக் குறைத்துச் சந்தைக்குக் கதவைத் திறந்தது.

தோழர்களே! திட்டமாயினும் சந்தையாயினும், இன்று வாங்கிய கூலி நாளையும் செல்லும் என்ற நம்பிக்கையின்றி ஒரு நாழிகையும் நடவாது. அந்த நம்பிக்கையைத்தான் 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குத் தலைமை அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி முறித்தார். நள்ளிரவோடு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்றார். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு அவை!

1978இலும் தாள்களைச் செல்லாதாக்கினர். அன்று செத்தவை 1000, 5000, 10000 ரூபாய்த் தாள்கள். அவற்றைக் கண்ணால் கண்ட கூலிக்காரர் எத்தனை பேர்? 2016இலோ 500 ரூபாய்த் தாள் உழைப்பாளியின் மடியிலே கிடந்தது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைப் பாருங்கள். பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகம் கடைந்து தரும் சிறு பட்டறைகள் நிறைந்த இடம். ஆலை வங்கி வழியே சம்பளம் தரும். பட்டறைகள் பலவும் வாரக் கூலியைக் கையில் எண்ணித் தருபவை. நடப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்று கட்டளை பிறந்தது. இருபது பேர் உழைக்கும் பட்டறையிலே தலைக்கு 2,500 கொடுத்தால் பை காலி. இரும்புக்கு எங்கே போவது? எண்ணெய்க்கு? வண்டிச் சத்தத்துக்கு? பூந்தமல்லிச் சாலையோரத்தில் கீரை விற்கும் தாயிடம் புத்தம்புது 2000 ரூபாய்த் தாளை நீட்டினால், பாவம், சில்லறைக்கு அவள் எந்தக் கருவூலத்தைத் திறப்பாள்?

இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சுத்தி யாகம்'! அவ்வாண்டு டிசம்பர் 31 உரையில் தலைமை அமைச்சரே சூட்டிய திருநாமம். யாகமென்றால் நெய் ஊற்றுபவன் ஒருவன், பலன் கொள்பவன் வேறொருவன் என்பதை நாமா அறியோம்! சாம்பலைக் கிளறினோம், கறுப்புப் பணம் எங்கே? செல்லாதாக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டதென்று ரிசர்வ் வங்கியே 2018இல் கணக்குக் காட்டிற்று. நிலமாகவும் பொன்னாகவும் பினாமிச் சொத்தாகவும் பதுங்கியதைத் தாளிலே தேடினால் அகப்படுமா?

அரசு கையை எடுத்தால் சந்தை தழைக்கும் என்று ஓதிவந்தோரில் சிலர் இதைக் கண்டித்தனர், மறுக்கவில்லை. கைதட்டியவர்களை நாம் கேட்கிறோம்: முதலாளியின் மூலதனத்துக்குச் சுதந்திரம், கூலிக்காரன் மடிச்சீலைக்கு மட்டும் நான்கு மணி நேரக் கெடுவா? எந்தச் சந்தை நூலில் படித்தீர்கள் இதை?

2023 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நால்வர் அச்செயலை ஏற்றனர். நீதிபதி நாகரத்னா ஒருவரே, நடுவணரசு தொடங்கிய இச்செயல் சட்டமியற்றியே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று மாறுபட்டார். அந்த ஒருவர் பக்கமே நாம் நிற்கிறோம். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26(2) பிரிவைத் திருத்துக! நாடாளுமன்றம் விவாதியாமல், மாற்றுத் தாள் அச்சாகி மக்கள் கைக்கு வாராமல், எந்தத் தாளும் செல்லாதாகக் கூடாது. முடங்கிய கூலிக்கு அரசே ஈடு தர வேண்டும்.